மெசின் பழசு என்கிறார்கள்

கொழும்பில் லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு எந்தத் திருத்தும் கடைக்குப் போனாலும் தீர்ப்பு ஒன்றுதான்: "மெசின் பழசாப் போச்சு அண்ணே, மாத்திருங்க." பம்பலப்பிட்டிப் பக்கம் நான் போன கடையிலும் அதேதான். அந்தத் தம்பி மூடியைத் திறந்தார், கைவைக்கும் இடத்தில் ஒட்டியிருந்த இன்டெல் ஸ்டிக்கரை ஒரு பார்வை பார்த்தார், மொடல் நம்பரைக் கேட்டார். ஐந்தாம் தலைமுறை புரொசசர் என்று தெரிந்ததும் முகத்தில் ஒரு அனுதாபம் வந்தது. அதற்கு மேல் எதையும் பார்க்க வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை.

எனக்கோ மனம் ஒப்பவில்லை. பழசுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நான் வீட்டிலிருந்து புத்தகங்களுக்குப் பக்கம் கட்டுகிறவன். முந்நூறு பக்கக் கும்பாபிஷேக மலர், பக்கத்துக்குப் பக்கம் கலர்ப் படம், பத்துப் பதினைந்து வாழ்த்துச் செய்தி, விளம்பரம் எல்லாம் சேர்த்து இதே மெசினில்தான் கட்டுகிறேன். அப்போதெல்லாம் உள்ளே விசிறி இருப்பதே தெரியாது. தமிழ் விக்கிப்பீடியாவில் பத்துக் கட்டுரைகளை ஒரேயடியாகத் திறந்து வைத்தாலும் சத்தமில்லை. அப்புறம் அம்மா வந்து, காலையில் வழக்கமாகப் பார்க்கும் அந்த ஒரு தளத்தைத் திறந்தால் போதும், ஐந்து நிமிடத்துக்குள் விசிறி இரையத் தொடங்கிவிடும். மவுஸ் அம்பு நகராது. எழுத்தைத் தட்டினால் ஒரு விநாடி கழித்துத்தான் திரையில் விழும். மெசின் பழசென்றால் எல்லா வேலைக்கும் பழசாக அல்லவா இருக்கவேண்டும்? ஒரு தளத்துக்கு மட்டும் எப்படிப் பழசாகும்?

அது என்ன தளம் என்று இங்கே வாசிப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பெயரும் வேண்டாம். செய்தி பெயருக்கு இருக்கும், சனம் போவது மரண அறிவித்தல் பார்க்க. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் அம்மாவின் வயதுக்காரர்கள் பாதிப்பேர் தேத்தண்ணியோடு அதைத்தான் பார்க்கிறார்கள். ஊரில் யார், கனடாவில் யார், யாருடைய மாமியார், எந்த ஒழுங்கைக்காரர். அம்மா அறிவித்தலைத் திறந்து, "பிறந்த இடம், வாழ்ந்த இடம்" பகுதியை வாசித்து, பிறகு அக்காவுக்கு வட்ஸ்அப்பில் சொல்வார். அந்தியேட்டி நினைவு மலர்களும் நான் கட்டுவதால் அம்மாவின் இந்த வாசிப்பு என் பிழைப்புக்கும் உதவாமல் இல்லை. ஆகவே தளத்தைப் பார்க்காதீர்கள் என்று சொல்லும் உரிமை எனக்குக் கிடையாது.

இந்தச் சந்தேகம் முதலில் வந்தது 2022 இல். அந்த மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பற்றரியில் மிச்சமிருக்கும் நிமிடங்களை எண்ணி எண்ணி வேலை செய்த காலம். பக்கம் கட்டினால் மூன்று மணித்தியாலத்துக்குக் கிட்டத் தாங்கும் பற்றரி, அம்மா அந்தத் தளத்தைத் திறந்து வைத்துவிட்டுக் குசினிக்குப் போனால் ஒரு மணித்தியாலத்திலேயே சிவப்புக்கு வந்துவிடும். யாரும் தொடவில்லை. திரையில் பெரிதாக எதுவும் அசையவில்லை. ஆனால் உள்ளே எதுவோ ஓடிக்கொண்டேயிருக்கிறது.

கடைத் தம்பியிடம் இதைச் சொன்னபோது, "அப்போ வைரஸ்தான் அண்ணே, கொயின் மைனிங் போட்டிருப்பாங்க" என்றார். அது முழுக்கக் கற்பனை இல்லை. 2017 செப்டம்பரில் கொயின்ஹைவ் என்று ஒரு சேவை வந்தது. தளத்தில் சில வரி ஜாவாஸ்கிரிப்டைச் சேர்த்துவிட்டால், பார்க்க வருகிறவர்களின் புரொசசரில் மொனேரோ என்ற டிஜிட்டல் நாணயத்தைத் தோண்டலாம், அதாவது அவர்களுடைய மெசினைக் கணக்குப் போடவைத்து நாணயம் சம்பாதிக்கலாம். 2018 பெப்ரவரியில், பக்கங்களை வாசித்துக் காட்டும் ஒரு சேவைக்குள் யாரோ இதை நுழைத்துவிட, பிரித்தானிய அரசாங்கத் தளங்கள் உட்பட நாலாயிரத்துக்கும் மேற்பட்ட தளங்கள் ஒரே நாளில் தங்கள் வாசகர்களை வைத்து நாணயம் தோண்டின. ஆனால் கொயின்ஹைவ் 2019 மார்ச்சிலேயே கடையைப் பூட்டிவிட்டது. மொனேரோவின் விலையும் விழுந்து, தோண்டுவதும் கடினமாகி, கட்டுப்படியாகாமல் போனதுதான் காரணம். தம்பி விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டுத் தந்தார். அடுத்தநாள் காலை அம்மா வழக்கம்போலத் தளத்தைத் திறந்தார், விசிறியும் வழக்கம்போல இரைந்தது.

உள்ளே யார்

எந்த நிரல் எவ்வளவு புரொசசரைத் தின்கிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் குரோம் என்ற பெயரில் இருபது வரிகள் இருக்கும். எது எந்த டேப் என்று அதை வைத்துப் பிடிப்பது சிரமம். பலருக்குத் தெரியாத விஷயம், குரோமுக்குள்ளேயே தனியாக ஒரு டாஸ்க் மேனேஜர் இருக்கிறது. ஷிஃப்ட், எஸ்கேப் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் வரும். 2008 இல் குரோம் வெளிவந்த நாளிலிருந்தே ஒவ்வொரு டேப்பையும் தனித்தனிப் புரொசஸாக, அதாவது தனித்தனி நிரல்போல, ஓட்டுவதுதான் அதன் பெருமை. ஒன்று விழுந்தால் மற்றவை விழாது. அதனால் எது எவ்வளவு புரொசசரைத் தின்கிறது என்று அதற்குத் தெரியும், நமக்கும் காட்டும். ஃபயர்பொக்ஸிலும் இதே மாதிரி ஒரு பக்கம் உண்டு, மெனுவில் "மேலும் கருவிகள்" பகுதிக்குள் தேடினால் கிடைக்கும்.

அந்தப் பட்டியலில் அம்மாவின் தளத்துக்குக் கீழே வரிசையாகச் சில சப்ஃபிரேம் வரிகள் இருந்தன, அதாவது பக்கத்துக்குள் பதிக்கப்பட்ட வேறு தளங்களின் துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் கேள்விப்படாத ஒரு முகவரி. விளம்பர நிறுவனங்கள். இவை இப்படித் தனி வரியாகத் தெரிவதற்கு ஒரு சுவாரஸ்யமான காரணம் உண்டு. 2018 ஜனவரியில் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்று புரொசசர்களின் அடிப்படையிலேயே இருந்த ஓட்டைகள் வெளியே வந்தன. ஒரே புரொசஸுக்குள் இருக்கும் ஒரு தளம் இன்னொரு தளத்தின் இரகசியத்தைத் திருடலாம் என்ற பயம். அதற்காக அந்த ஆண்டு நடுப்பகுதியில் குரோம் 67 ஆம் பதிப்போடு, ஒரு பக்கத்துக்குள் வந்து உட்காரும் வேற்றுத் தளங்களையும் தனிப் புரொசஸ்களுக்கு மாற்றினார்கள். இதற்கு 10 முதல் 13 வீதம் வரை மெமரி கூடுதலாகச் செலவாகும் என்று கூகுளே சொன்னது. மெமரி போனது போனதுதான். ஆனால் பாதுகாப்புக்காகச் செய்த காரியம், பக்கத்துக்குள் யார் யார் வந்து குந்தியிருக்கிறார்கள் என்ற வருகைப் பதிவேட்டையும் நம் கையில் தந்துவிட்டது.

ஒரு சப்ஃபிரேம் 30 வீதத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தின் வலது மூலையில் சத்தமில்லாமல் ஓடும் வீடியோ விளம்பரம். சரி, கள்ளன் அகப்பட்டான் என்று விளம்பரத் தடுப்பானைப் போட்டேன். சப்ஃபிரேம் வரிகள் ஒன்றொன்றாக மறைந்தன. விசிறி கொஞ்சம் தணிந்தது, ஆனால் நிற்கவில்லை. பட்டியலைப் பார்த்தால், எல்லா விளம்பரமும் போன பிறகும் தளத்தின் சொந்த வரி 70, 80 என்று நின்றது. அதாவது மூச்சுமுட்ட வைத்தது வெளியாள் இல்லை. வீட்டுக்காரரே.

இதற்குமேல் தேட டெவலப்பர் டூல்ஸைத் திறக்கவேண்டியிருந்தது. எஃப்12 விசை. அதில் பெர்ஃபோமன்ஸ் என்ற பகுதியில் சில விநாடிகளைப் பதிவு செய்து பார்க்கலாம். பதிவை விரித்தால் ஊதா நிறக் கட்டைகள் சீப்புப்பல் மாதிரி இடைவெளியே இல்லாமல் நெருக்கி நின்றன. ஊதா என்றால் லேஅவுட், அதாவது எந்த எழுத்து எங்கே, எந்தப் படம் எங்கே என்று பிரவுசர் பக்கத்தை அளந்து அடுக்கும் வேலை. யாரும் எதையும் தொடாத பக்கத்தில் எதற்கு இத்தனை அடுக்கல்? ஒவ்வொரு கட்டையின் அடியிலும் ஒரே ஃபங்ஷனின், அதாவது ஒரே நிரல் துண்டின் பெயர். அதைப் பிடித்துக்கொண்டு போனால் வந்து நின்ற இடம், பக்கத்தின் தலைப்பில் வலமிருந்து இடமாக ஓடும் ஒரு சாம்பல் நிறப் பட்டி. "திரு. இன்னார் காலமானார் – திருமதி இன்னார், 31 ஆம் நாள் நினைவஞ்சலி –" என்று பெயர்கள் ஓடிக்கொண்டேயிருக்கும் அந்தப் பட்டி. வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறேன், ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. விளம்பரமுமில்லை, வைரஸுமில்லை, வெறும் ஓடும் எழுத்து.

அந்தப் பட்டியை வலது கிளிக் செய்து, இன்ஸ்பெக்ட் போய், டிலீட் விசையைத் தட்டினேன். பட்டி போனது. தளத்தின் வரி 80 இலிருந்து 4க்கு இறங்கியது. கொஞ்சநேரத்தில் விசிறி மெல்ல மெல்ல அடங்கி, காலி வீதியில் போகும் பஸ்ஸின் ஹோன் கேட்கத் தொடங்கியது. பக்கத்தைத் திரும்ப ஏற்றினேன், விசிறி எழும்பியது. அழித்தேன், படுத்தது. இப்படியே ஏற்றியும் அழித்தும் பார்த்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் என்னாலேயே நம்ப முடியவில்லை.

ஓடும் எழுத்துக்கு இவ்வளவு செலவா?

ஒரு பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட், நம் கிளிக், ஸ்க்ரோல், எழுத்துகளை அடுக்குவது எல்லாம் பெரும்பாலும் ஒரே ஒரு இழையில்தான் நடக்கின்றன. பிரதேச செயலகத்தில் ஒரேயொரு கவுண்டர் திறந்திருந்து, எல்லா அலுவலுக்கும் எல்லோரும் அந்த வரிசையிலேயே நிற்பது போலத்தான். ஒருவர் நூறு படிவத்தோடு முன்னால் நின்றால், ஒரு கையெழுத்துக்கு வந்தவரும் நின்றாகவேண்டும். திரை விநாடிக்கு 60 தடவை புதுப்பிக்கப்படுகிறது என்றால், ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் பிரவுசருக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லிவிநாடி. அதற்குள் வேலை முடியாவிட்டால் திரை இழுபடும், அம்பு ஒட்டிக்கொள்ளும், தட்டிய எழுத்து பிந்தி வரும்.

இந்தப் பட்டி என்ன செய்தது என்றால், ஒரு டைமரை வைத்து 20 மில்லிவிநாடிக்கு ஒருமுறை தன் இடது ஓரத்தை ஒரு பிக்ஸல் நகர்த்தியது. நகர்த்திய கையோடு "இப்போது என் அகலம் என்ன?" என்று பிரவுசரிடம் கேட்டது. அகலத்தைச் சரியாகச் சொல்லவேண்டுமென்றால் பிரவுசர் அந்தக் கணமே எல்லாவற்றையும் அளந்து அடுக்கியாகவேண்டும். கீழே இருப்பதோ நூற்றுக்கணக்கான படங்களும், பெட்டிக்குள் பெட்டியாக அறிவித்தல்களும் கொண்ட முடிவில்லாத பக்கம். விநாடிக்கு ஐம்பது தடவை அளப்பதும் அடுக்குவதும். இதே அசைவை டிரான்ஸ்ஃபோர்ம் என்ற முறையில் எழுதியிருந்தால், ஒருமுறை வரைந்த பட்டியைக் கிராஃபிக்ஸ் சிப் அப்படியே தள்ளிக்கொண்டு போயிருக்கும். பக்கத்தை மறுபடி அடுக்கத் தேவையில்லை. பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

சின்ன அசைவுதானே என்று நினைக்கக்கூடாது என்பதற்குப் பெரிய இடத்து உதாரணமே இருக்கிறது. உலகம் முழுக்க நிரல் எழுதுகிறவர்கள் பாவிக்கும் மைக்ரோசொஃப்டின் விஎஸ் கோட் எடிட்டர், குரோமின் அடித்தளத்தின்மேல் கட்டப்பட்டது. சும்மா திறந்து வைத்தாலே 13 வீதம் சிபியு, அதாவது புரொசசர், போகிறது என்று 2017 இல் ஒருவர் முறையிட்டார். காரணத்தைத் தோண்டிப் பார்த்தால், எழுதும் இடத்தைக் காட்டி மினுங்கும் அந்தச் சின்னக் கோடு. விநாடிக்கு ஒருதரம் மினுங்கும் கோட்டுக்காக விநாடிக்கு 60 தடவை வரையும் வேலை நடந்துகொண்டிருந்தது. மைக்ரோசொஃப்ட்காரருக்கே நடந்ததென்றால், மரண அறிவித்தல் தளத்துக்கு நடந்ததில் அதிசயமில்லை.

பிரவுசர்கள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. மறைந்திருக்கும் டேப்பில் டைமர்களை விநாடிக்கு ஒன்றாகக் கட்டுப்படுத்துகின்றன. 2021 ஜனவரியில் வந்த குரோம் 88 இலிருந்து, ஐந்து நிமிடத்துக்குமேல் மறைந்து கிடக்கும் டேப்பில் பல டைமர்கள் நிமிடத்துக்கு ஒருதரம்தான் விழிக்கும். ஆனால் அம்மா டேப் மாற்றுகிறவர் இல்லை. ஒன்றைத் திறந்தால் அது முன்னால் அப்படியே கிடக்கும். பட்டியைத் தாண்டிக் கீழே எவ்வளவு தூரம் உருட்டிப் போனாலும், கண்ணில் படாத பட்டி மேலே தன்பாட்டில் ஓடிக்கொண்டேயிருக்கும். போதாததற்கு, விளம்பரக் கணக்கு ஏறட்டும் என்று பக்கம் சில நிமிடங்களுக்கு ஒருதரம் தானாகவே புதுப்பித்தும் கொள்ளும்.

யாருடைய காசு

கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் மெசினில் இருப்பது 15 வாட் வகைப் புரொசசர். அந்தப் பக்கம் திறந்திருக்கும்போது ஒரு 12 வாட் கூடுதலாக இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு ஆறு மணித்தியாலம் என்றால் மாதத்துக்கு இரண்டு அலகுக்குக் கொஞ்சம் மேல். பெரிய தொகை இல்லைத்தான், ஆனால் மின்சார சபையின் படிக்கட்டுக் கட்டணத்தில் விளிம்பில் நிற்கிற வீட்டுக்கு இரண்டு அலகும் இரண்டு அலகுதான். அப்படி எத்தனை வீடு. கண்ணுக்குத் தெரியாத இந்தச் செலவைத் தளம் நடத்துபவர் ஒரு சதமும் கட்டுவதில்லை. அவருடைய சேர்வர் பக்கத்தை ஒருமுறை அனுப்பிவிட்டுக் கைகழுவிவிடும். மிச்ச வேலை முழுக்க நம் மேசையில், நம் கரண்டில்.

விளம்பரங்களின் கதை இன்னும் மோசம். 2020 இல் கூகுள் தன் கணக்கை வெளியிட்டது. குரோம் பார்த்த விளம்பரங்களில் 0.3 வீதம்தான் மிகக் கனமானவை, ஆனால் விளம்பரங்கள் மொத்தமாகப் பாவிக்கும் டேட்டாவில் 27 வீதத்தையும் சிபியுவில் 28 வீதத்தையும் அந்தச் சொற்பமே விழுங்கிவிடுகிறது. அதற்குப் பிறகு ஒரு வரம்பு வைத்தார்கள். நாம் தொடாத ஒரு விளம்பரம் 4 மெகாபைட்டுக்குமேல் இறக்கினால், அல்லது எந்த 30 விநாடிக்குள்ளும் 15 விநாடி புரொசசரைப் பிடித்துக்கொண்டால், அல்லது மொத்தமாக 60 விநாடியைத் தாண்டினால், குரோம் அதை வெளியே போட்டுவிடும். நல்ல விஷயம். ஆனால் அந்தச் சட்டம் விளம்பரத்துக்குத்தான். தளத்தின் சொந்தச் சாம்பல் பட்டி நாள் முழுக்க ஓடலாம், கேட்பாரில்லை.

இதற்கெல்லாம் நமக்குச் சொல்லப்படும் மருந்து புது லெப்டொப். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய்ப் பக்கம் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. பிறகு இறங்கினாலும் பழைய இடத்துக்கு வரவில்லை. கம்பியூட்டர் கடைகள் நிறைந்த யூனிட்டி பிளாசாவில் இரண்டு மாடி ஏறி இறங்கி விலை கேட்டுவிட்டு, கீழே வந்து ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். மென்பொருள் மெதுவாகும் வேகம் வன்பொருள் வேகமாகும் வேகத்தை மிஞ்சிவிடுகிறது என்று பாஸ்கல் மொழியை உருவாக்கிய நிக்லஸ் விர்த் 1995 இலேயே எழுதினார். அவர் 2024 புத்தாண்டு தினத்தன்று காலமானார். அவர் எழுதியபோது இந்தத் தளங்கள் எவையும் பிறந்திருக்கவில்லை.

கடைத் தம்பிக்கு நியாயம் செய்யவேண்டுமென்றால், ஒரு இடத்தில் மட்டும் அவர் சொன்னது சரி. யூடியூப். அங்கே பல வீடியோக்கள் விபி9, ஏவி1 என்ற புதிய சுருக்கும் முறைகளில் வருகின்றன. இன்டெலில் விபி9ஐ முழுமையாகச் சிப்பிலேயே விரிக்கும் வசதி ஏழாம் தலைமுறையோடுதான் வந்தது, ஏவி1 பதினோராம் தலைமுறையோடு. அதற்கு முந்திய மெசினில் அந்த வேலை பெரும்பாலும் பொதுப் புரொசசரின் தலையில் விழும், விசிறி இரையும். அது உண்மையாகவே பழசின் குற்றம். அதற்கும் வழி இருக்கிறது. எச்.264 என்ற பழைய முறையிலேயே தரும்படி யூடியூப்பைக் கேட்கும் சின்ன எக்ஸ்டென்ஷன் ஒன்றைப் போட்டேன். என் மெசினுக்கு அந்த முறை தண்ணீர்பட்ட பாடு. அம்மாவின் நல்லூர்த் திருவிழா வீடியோக்கள் இப்போது சத்தமில்லாமல் ஓடுகின்றன.

பட்டியை மறைத்த பிறகு

விளம்பரத் தடுப்பானிலேயே ஒரு விதி எழுதி, அந்தப் பட்டியை நிரந்தரமாக வெட்டிவிட்டேன். அன்று விசிறி இரையவில்லை. எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் அடுத்தநாள் காலையிலேயே அம்மா கூப்பிட்டார். "மேல ஓடுற பேர்களைக் காணேல்லை. என்ன செய்தனீ?" அம்மாவுக்கு அந்தப் பட்டிதான் முக்கியம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒவ்வொரு அறிவித்தலாகத் திறக்காமல், பெயர்கள் ஓடிவர விட்டு, தெரிந்த பெயர் வந்தால் மட்டும் பிடித்துக்கொள்வாராம். அவருக்குப் பிக்ஸலும் தெரியாது, லேஅவுட்டும் தெரியாது. ஓடும் எழுத்து தேவை, அவ்வளவுதான். அது நியாயமான தேவை. பட்டியைத் திருப்பிப் போட்டேன், விசிறியும் திரும்பி வந்தது.

வேறு வழியில்லாமல் தளத்தின் தொடர்பு இலக்கத்துக்கு எடுத்தேன். வெளிநாட்டு இலக்கமாக இருக்கும் என்று நினைத்தால், எடுத்தவர் இங்கே, என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு மாடி அறையில் இருக்கும் ஒரு பெடியன். தளத்தின் தொழில்நுட்பம் முழுக்க அவர் ஒருவர்தான். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். "எங்கட பக்கம் நல்லாத்தானே ஓடுது அண்ணை" என்றார். அவருடைய மெசின் என்ன என்று கேட்டேன், போன வருடம் வாங்கியதாம். அதில் அந்தப் பட்டி என்ன ஆட்டம் போட்டாலும் தெரியப்போவதில்லை. இந்தத் தளங்கள் இப்படி ஆவதற்கு, எனக்குத் தெரிந்தவரை, பேராசையைவிட இதுதான் பெரிய காரணம். செய்கிறவரிடம் புது மெசின், பார்க்கிறவரிடம் பழைய மெசின். வலி ஒரு பக்கம், கை இன்னொரு பக்கம்.

பட்டியை எடுக்க முடியாது என்றார். அதற்குத் தனியாகக் காசு வாங்குகிறார்கள். டொரன்டோவிலிருந்தும் பாரிஸிலிருந்தும் பிள்ளைகள் காசு கட்டி, அப்பாவின் பெயர் 31 நாளும் மேலே ஓடவேண்டும் என்று கேட்கிறார்கள். இடையில் ஒருமுறை பட்டி நின்றுபோனபோது, "எங்கட அறிவித்தல் ஏன் ஓடேல்லை" என்று இரவிரவாக அழைப்பு வந்ததாம். எடுக்கவேண்டாம், ஓட்டுகிற முறையை மட்டும் மாற்றுங்கள் என்று, டிரான்ஸ்ஃபோர்மைப் பற்றியும், கண்ணுக்குத் தெரியாதபோது நிறுத்தி வைப்பதைப் பற்றியும் சொன்னேன். அவருக்கு அது தெரியாத விஷயமே இல்லை. அந்தப் பட்டியை எழுதியவர் முந்தி வேலைசெய்த ஒருவர், இவர் கைவைக்கவில்லை, யாரும் குறைசொல்லவுமில்லை. "அரைநாள் வேலை அண்ணை, செய்யலாம்" என்றார். மூலையில் ஓடும் வீடியோ விளம்பரம் மட்டும் தன் கையில் இல்லையாம். அது விளம்பரக் கொம்பனி தரும் கோட், உள்ளே தொட முடியாது.

சொல்லிவிட்டுப் போனை வைக்கப்போனவர், கொஞ்சம் யோசித்துவிட்டு, "அண்ணை, உங்கட அந்தப் பழைய லெப்டொப்பை ரெண்டொரு நாளைக்குத் தர ஏலுமே? இஞ்ச எங்களிட்ட அப்படி ஒண்டும் இல்லை, மாத்திப்போட்டு அதில ஓட்டிப் பார்க்கோணும்" என்றார். கையில் வேலை அதிகம் இல்லாத கிழமை. சார்ஜரோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். அதுவரைக்கும் அம்மா என் போனில்தான் மரண அறிவித்தல் பார்த்தார். எழுத்து சின்னது, படம் சின்னது, கண் நோகிறது என்று முறைப்பாடு ஓயவில்லை. கடைசியில், "அந்தப் பெடியன் இன்னும் திருப்பித் தரேல்லையே? இவ்வளவு நாளும் நல்லாத்தானே கிடந்தது" என்றார்.